போலந்தில் நான் வைத்த பந்தி

எங்கள் பள்ளியில் இப்போது சுற்றுலாப் பொறுப்பில் இருக்கும் இளம் ஆசிரியை போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். பிள்ளைகளைச் சிங்கப்பூர் கூட்டிப் போகிறார்களாம். சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். கைப்பேசியைத் திறந்து காட்டினார். எந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று பெற்றோரே ஆப்பில் தட்டிவிடுகிறார்களாம். பெயர் ஒட்டிய பெட்டி நேராகப் பேருந்துக்கே வந்துவிடுமாம். பெட்டியைத் திறந்தால் சாப்பிடலாம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. "உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி மிஸ் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். மாட்டு வண்டியில் காசிக்குப் போய் வந்தவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

நான் சமாளித்தேன் என்று அவரிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை. உண்மை என்னவென்றால், ஒரு முறை போலந்து நாட்டில் ஒரு சின்ன உணவகத்தோடு ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டினேன். அந்தக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, எழுதிக் கொடுங்கள், பள்ளி மலரில் போடலாம் என்றார். பள்ளி மலரில் எழுதுகிறவர்கள் எல்லாரும் பொன்னான நினைவுகள் எழுதுவார்கள். என்னுடையது பித்தளைதான், பரவாயில்லை என்றால் போட்டுக்கொள்ளட்டும்.

நான் தாம்பரம் கிழக்கில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு நடத்தியவள். பெயர் ஜெயசீலி. பி.எட். முடித்த கையோடு சேர்ந்தேன், கேக் வெட்டி வழியனுப்பும் வரை அங்கேயே இருந்தேன். விகிதம், வட்டி, தொட்டியும் குழாயும், இவ்வளவுதான் என் வாழ்க்கைப் படிப்பு. ஒரு குழாய் தொட்டியை நிரப்பும், இன்னொரு குழாய் காலி செய்யும், தொட்டி எப்போது நிரம்பும் என்ற கணக்கை நான் போடாத வருடம் கிடையாது. "எந்த மடையன், டீச்சர், ரெண்டு குழாயையும் ஒரே நேரத்துல தொறந்து வைப்பான்?" என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டே விட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

சேர்ந்த வருடமே பிள்ளைகளை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். சாப்பாட்டுப் பொறுப்பு எனக்கு. புளிசாதமும் அவித்த முட்டையும் அண்டாவில் வந்தன. முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அள்ளி அள்ளி வைத்தேன். கடைசி வரிசைக்கு வரும்போது அண்டாவில் கரண்டி அடிபடும் சத்தம்தான் மிச்சம் இருந்தது. கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போது எங்களுக்கு மூத்த ஆசிரியையாக இருந்தவர் எஸ்தர் அக்கா. பின்னால் அவரே பிரின்சிபால் ஆனார். நாங்களும் அக்காவை விட்டுவிட்டு மேடம் என்று கூப்பிடப் பழகிக்கொண்டோம். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றுவார். முந்தானையால் ஒரு பக்கத்தைத் துடைப்பார். பிறகு இன்னொரு பக்கம். அவர் துடைத்து முடிப்பதற்குள் நாம் பிறந்ததிலிருந்து செய்த தப்பெல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடும். அன்றும் துடைத்தார்.

"அந்தப் பிள்ளை ஏன் சிரிக்கிறா, தெரியுமா ஜெயசீலி?"

தெரியவில்லை என்றேன்.

"அழுதா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சிரிக்கிறா."

அன்றைக்கு என் பங்கு முட்டையும் அவர் பங்கும் அந்தப் பெண்ணுக்குப் போயின. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றிலிருந்து எனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். கடைசிப் பிள்ளையின் தட்டில் சாப்பாடு விழும்வரை முதல் பிள்ளை கை வைக்கக் கூடாது. பரிமாறத் தொடங்கும்போது வலது கையைத் தூக்குவேன். கடைசித் தட்டு நிறைந்ததும் கையை இறக்குவேன். உடனே எல்லாருமாகச் சாப்பாட்டு ஜெபத்தை ஒரு சின்னப் பாட்டாகப் பாடுவோம், அப்புறம்தான் வாயில் கவளம். எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இந்துக்கள், அவர்களும் சேர்ந்தே பாடுவார்கள். சோற்றுக்கு நன்றி சொன்னால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

இந்தச் சட்டத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எல்லாருக்கும் ஒரே பலகாரம். நெடுஞ்சாலையில் செங்கல்பட்டு தாண்டி எந்த ஓட்டலில் வண்டி நின்றாலும் முன்கூட்டியே போன் போட்டு, நாற்பது பொங்கல், நாற்பது வடை என்று சொல்லிவிடுவேன். பிள்ளைகள் உட்காரும்போதே இலை போட்டிருக்கும், வாளியோடு ஆள் நிற்பார். "அந்த டீச்சர் வந்தா நம்ம பசங்களே அட்டென்ஷன்ல நிக்கிறானுங்க" என்று ஓர் ஓட்டல் முதலாளி சொன்னதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். கர்வம் எந்த அளவுக்குப் போனது என்றால், குன்றத்தூரில் என் சிநேகிதியின் மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவள், பழக்க தோஷத்தில் வலது கையைத் தூக்கிவிட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த என் பழைய மாணவர்கள், மீசை வைத்த ஆண்பிள்ளைகள், வாய்க்குப் போன கையை அப்படியே நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ அபசகுனம் என்று பயந்துபோனார்கள்.

இனி போலந்து. எங்கள் பள்ளிப் பாடகர் குழுவை அங்கே ஒரு குழந்தைகள் இசை விழாவுக்கு அழைத்திருந்தார்கள். தெற்கே ஒரு சின்ன ஊர். அதன் பெயரை இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. பதினெட்டுப் பிள்ளைகள், பாட்டு மாஸ்டர் சாமுவேல், நான். சாமுவேல் நல்ல தம்பி. பாட்டைத் தவிர மற்றதெல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறவர். அதனால் மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் பாட்டு ஒரே ஒரு குரலில் தொடங்கும். வாத்தியம் கிடையாது. முதல் நான்கு வரியை ஒரு பிள்ளை தனியாகப் பாட வேண்டும், பிறகு மற்றவர்கள் சேருவார்கள். அந்த முதல் குரல் தாரணி. அனகாபுத்தூர்ப் பிள்ளை, அப்பா பல்லாவரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். விழாவை நேரலையில் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டதும், ஆட்டோ ஸ்டாண்டிலேயே எல்லாரும் உட்கார்ந்து பார்க்கப் பெரிய டிவிக்கு ஏற்பாடு செய்துவிட்டார். தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அது தாரணிக்கும் தெரியும்.

தாரணிக்கு அங்கே சாப்பாடு இறங்கவில்லை. காலையில் ஜில்லென்ற ரொட்டி, ஜில்லென்ற பாலாடைக் கட்டி. மத்தியானமும் அதன் உறவினர்கள். மற்ற பிள்ளைகள் சாக்லேட் தடவிச் சமாளித்தார்கள். நான் கொண்டுபோன பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் முதல் நாளே தீர்ந்துபோயின, அதில் என் பங்கும் கணிசம். தாரணி வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் வைத்து ஓட்டினாள். அதட்டினேன், கெஞ்சினேன். "பசிக்குது மிஸ், ஆனா வாய்ல வெச்சா உள்ள எறங்க மாட்டேங்குது" என்றாள். நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஒத்திகையில் தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். விழாக் குழுவின் நர்ஸ் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, வெறும் வயிறு என்றார்.

இதை எஸ்தர் மேடத்துக்குப் போனில் சொன்னேன். தாம்பரத்தில் அவர் கண்ணாடி துடைப்பது எனக்குப் போலந்தில் தெரிந்தது.

"நாளைக்கு மத்தியானம் அவ வயிறார சாப்பிடணும். சாப்பிடலேன்னா மேடை ஏத்தாத. முதல் அடியை ஷெரின் பாடட்டும்" என்றார்.

ஷெரின் தாரணிக்கு அடுத்த குரல். எட்டாம் வகுப்பு, என் கணக்கு வகுப்பிலேயே கெட்டிக்காரி. அந்த நான்கு வரி அவளுக்கும் மனப்பாடம். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவள் பாடிப் பார்ப்பதை நானே கேட்டேன். நான் முடிவைத் தாரணியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "அப்பாகிட்ட சொல்லாதீங்க மிஸ்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

சூடாக ஏதாவது கிடைத்தால் பிள்ளை சாப்பிட்டுவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. விழாக் குழுவிடம் கேட்டேன். பக்கத்துத் தெருவில் வயதான கணவனும் மனைவியும் நடத்தும் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது, எல்லாம் அப்போதைக்கப்போது செய்து தருவார்கள் என்றார்கள். அந்த 'அப்போதைக்கப்போது' என்ற வார்த்தையை நான் கவனித்திருக்க வேண்டும்.

வீட்டின் முன்னறைதான் கடை. சரிகைத் திரை போட்ட சன்னல், நாலைந்து மேசை. சமையலறைச் சுவரில் ஒரு சின்னத் திறப்பு, அதன் வழியாக அந்தப் பெரியவரின் தலையும் தோளும் தெரிந்தன. அந்த அம்மாள் பரிமாறுகிறவர். ஆங்கிலம் இருவருக்கும் வராது. அட்டையில் படம் பார்த்து, கறி இல்லாததாக ஒன்றைக் காட்டி, எல்லாருக்கும் இதுவே என்று சைகை செய்தேன். பதினெட்டு என்று எழுதிக் காட்டினேன். பெரியவர் எட்டிப் பார்த்தார், பிள்ளைகளை எண்ணினார், சட்டைக் கையை மடித்துவிட்டார். பிறகு மாவை எடுத்துப் பிசைய ஆரம்பித்தார்.

தாம்பரத்தில் ரெண்டு இட்லி என்று சொல்லி வாயை மூடுவதற்குள் இட்லி வந்து, சாம்பார் ஊற்றி, அடுத்து என்ன என்று கேட்பார்கள். இவர் மாவை உருட்டினார், தேய்த்தார், டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வெட்டினார். ஒவ்வொரு வட்டத்திலும் உருளைக்கிழங்கு வைத்து, மடித்து, ஓரத்தை விரலால் கிள்ளிக் கிள்ளி மூடினார். அவசரம் என்றால் என்னவென்று தெரியாத விரல்கள். மூன்று மணிக்கு விழா மண்டபத்துக்குப் பேருந்து. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், சாமுவேல் கூரையைப் பார்த்தார்.

ஒருவழியாக முதல் மூன்று தட்டு வந்தது. தாரணியை என் கண் பார்வையிலேயே, சமையலறைக்கு அருகில் உட்கார வைத்திருந்தேன், அதனால் அவளுக்கு முதல் தட்டு. வெள்ளை வெளேரென்று ஆறேழு அரைவட்டம், மேலே வெண்ணெயில் சிவக்க வதக்கிய வெங்காயம். ஆவி அவள் முகத்தில் அடித்தது. பிள்ளை குனிந்து மோந்து பார்த்தாள்.

"நம்ம வூட்டு கொயக்கட்ட மாரி கீது மிஸ்" என்றாள். வந்ததிலிருந்து அந்த முகத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம். கை தட்டுக்குப் போனது.

என் கையோ மேலே இருந்தது. பரிமாற ஆரம்பித்தால் அது தானாக ஏறிவிடும். "இரு, எல்லாருக்கும் வரட்டும்" என்று என் வாயும் தானாகச் சொன்னது.

தாரணி கையை எடுத்துக்கொண்டாள். எந்தப் பிள்ளையைச் சாப்பிட வைக்க வேண்டும் என்று நான் ராத்திரி முழுக்க முழித்திருந்தேனோ, அந்தப் பிள்ளையின் கையை நானே தடுத்தேன். அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. பிள்ளைகள் எவ்வளவு ஒழுங்கு, அந்த அம்மாள் பார்க்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

அந்த அம்மாள் பார்த்தார். தொடாத தட்டுகளைப் பார்த்தார், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார், என்னிடம் ஏதோ கேட்டார். நான் சிரித்துக்கொண்டே பொறுங்கள், பொறுங்கள் என்று உள்ளங்கையைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. அடுத்த மூன்று தட்டைக் கொண்டுவந்து பக்கத்து மேசையில் வைத்தவர், போகும்போது ஆறிப்போன முதல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். சூடு பண்ணிக் கொண்டுவருவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வேறு மூன்று வந்தது, இந்த முறை வெங்காயம் அதிகம். வந்த கையோடு பழைய மூன்றும் உள்ளே போனது. அடுத்த முறை மேலே தயிர் மாதிரி ஏதோ ஊற்றியிருந்தது. அதுவும் ஆறியது, அதுவும் போனது.

"டீச்சர், இந்த ஊர்ல முதல்ல காட்டிட்டுத்தான் குடுப்பாங்களோ? புடவைக் கடையில விரிச்சுக் காட்டுற மாதிரி?" என்றார் சாமுவேல்.

அதற்குள் எஸ்தர் மேடம் போனில் வந்துவிட்டார்.

"தாரணி சாப்பிட்டாளா?"

"தட்டு வந்துச்சு மேடம்."

"நான் தட்டைக் கேக்கல."

இவர்கள் ரொம்ப மெதுவாகச் செய்கிறார்கள் என்று புகார் சொன்னேன். ஐரோப்பாவிலேயே இவ்வளவு மந்தமான கடையைப் பார்த்ததில்லை என்றேன். அதற்கு முன் நான் பார்த்திருந்த ஐரோப்பா நான்கு நாள்தான். அவர் போனை வைத்தார். பிள்ளைகள் பசியில் வாடிப்போய் மேசையில் தலை சாய்த்திருந்தார்கள், ஆனால் ஒரு பிள்ளைகூடத் தட்டைத் தொடவில்லை. தாரணி பக்கத்து மேசைத் தட்டிலிருந்து எழும் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்துக்கு இனி அதிக நேரம் இல்லை.

அப்போது ஷெரின் எழுந்து வந்தாள்.

"மிஸ், இது தொட்டிக் கணக்கு மிஸ்."

"என்னடி?"

"மூணு தட்டு வருது, மூணு தட்டு போகுது. பதினெட்டு எப்பவுமே வராது. நீங்க கையை எறக்குனாத்தான் முடியும்."

அண்ணாந்து பார்த்தேன். என் கை இன்னும் மேலேயே இருந்தது. இரண்டு குழாயையும் திறந்து வைத்த மடையன் யார் என்று அந்தப் பெற்றோருக்குப் பதில் சொல்ல இப்போது எனக்குத் தெரிந்திருந்தது. தொட்டிக் கணக்கை ஒரு வாழ்நாள் நடத்தியவள், அந்தத் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு தண்ணீர் ஏன் ஏறவில்லை என்று அடுத்தவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஷெரினைப் பார்த்தேன். தாரணி சாப்பிடாவிட்டால் மேடை அவளுக்கு. அது அவளுக்கும் தெரியும். "எனக்கும் பசிக்குது மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கையை இறக்கிவிட்டுச் சமையலறைக்குள் போனேன். பெரியவர் வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, அவமானம்தான் இருந்தது. தன் சாப்பாட்டைப் பதினெட்டுக் குழந்தைகள் தொடக்கூட மாட்டேன் என்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எப்படிச் சொல்வது? கைகூப்பிக் காட்டினேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்து அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். மறுபடி கைகூப்பி, கண்ணை மூடி, மேலே காட்டி, தட்டைக் காட்டி, வாயைக் காட்டினேன். அந்த அம்மாளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தனக்குத்தானே சிலுவை அடையாளம் போட்டுக் காட்டி, கணவரிடம் படபடவென்று ஏதோ சொன்னார். பெரியவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். மூவரும் சிரித்தோம்.

அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். பெரியவர் பக்திமான். ஜெபம் என்று தெரிந்த பிறகு ஒரு தட்டைக்கூட வெளியே விடவில்லை. பதினெட்டும் சேர்ந்தே போகட்டும் என்று பதினெட்டுத் தட்டைப் புதிதாக வரிசையாக அடுக்கி, துணியால் துடைத்து, முதல் தட்டில் ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினார். மேலே கீரை கிள்ளிப் போட்டு அலங்காரம் வேறு. நான் என் சட்டத்தைக் கைவிட்ட நிமிடத்தில் அவர் அதைப் பிடித்துக்கொண்டார். ஒன்று மட்டும் இப்போதே கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டி, விரலால் வானத்தைக் காட்டினார்.

வேறு வழியில்லாமல் முதல் தட்டைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான். தாரணி முன்னால் வைத்தேன்.

"சாப்பிடு."

அவள் தட்டைப் பார்த்தாள். மற்ற மேசைகளைப் பார்த்தாள். பதினேழு பிள்ளைகளும் அவளையே பார்த்தார்கள்.

"அவங்களுக்கு வர்ல மிஸ்."

"பரவாயில்ல. நீ சாப்பிடும்மா. பஸ் வந்துரும்."

"நான் மட்டும் எப்டி மிஸ் துன்றது? எல்லாரும் பாத்துகினு கீறாங்க." எச்சிலை விழுங்கினாள். "நீங்கதானே மிஸ் சொல்லிக் குடுத்தீங்க."

எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஒன்றும் ஏறாது. இது மட்டும் இந்தப் பிள்ளைக்கு எலும்பு வரை ஏறியிருந்தது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அவள் மேடை ஏறுவது இந்த ஒரு தட்டில் இருக்கிறது, அவளுக்கும் அது தெரியும், தெரிந்தும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் சட்டத்தை என்னாலேயே உடைக்க முடியவில்லை.

மறுபடி சமையலறைக்குப் போனேன். எடுத்துப்போன கொழுக்கட்டையெல்லாம் எங்கே என்று சுற்றிலும் பார்த்தேன். அவர் எதையும் வீணாக்கியிருக்கவில்லை. திரும்பி வந்த ஒவ்வொரு தட்டையும் ஒரு பெரிய தகரத் தட்டத்தில் கொட்டி, வெண்ணெய் தடவி, அடுப்புக்குள் வைத்திருந்தார். அடியில் பொன்னிறமாக முறுகியிருந்தது. எத்தனை சுற்று வந்து போயிருக்கிறது என்று அதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் எல்லாருக்கும் போதும், மேலேயும் மிஞ்சும்.

தனித்தனித் தட்டாக வந்தால்தானே காத்திருக்க வேண்டும்? புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினேன், துணியைச் சுற்றி அந்தத் தட்டத்தைத் தூக்கினேன். பெரியவர் ஏதோ கத்தினார். காதில் வாங்கவில்லை. "தம்பி, காலித் தட்டையெல்லாம் எடுத்துட்டு வந்து போடு" என்று சாமுவேலிடம் சொன்னேன். அவர் இலை போடுவது போலத் தட்டைப் போட்டுக்கொண்டே முன்னால் போனார், நான் பின்னாலேயே ஆளுக்கு இரண்டு, ஆளுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டே போனேன். கல்யாணப் பந்தியில் வடை வைக்கிற வேகம். அந்த அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். பெரியவர் திறப்பு வழியாக இடுப்பு வரை வெளியே வந்துவிட்டார். கடைசி மேசையில் கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, முதல் மேசையில் வைத்தது இன்னும் ஆறவில்லை.

பிள்ளைகள் ஜெபப் பாட்டை ஆரம்பித்தார்கள். பசியில் சுதி கொஞ்சம் முன்னே பின்னே போனது. சாமுவேல் முகம் சுளித்ததைப் பார்த்தேன். பெரியவர் மாவுக் கையோடு தலையிலிருந்த துணித் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். பாட்டு முடிந்தது.

தாரணி சாப்பிட்டாள். முதல் கொழுக்கட்டையை இரண்டாகப் பிய்த்து, ஊதி, வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவதைப் பிய்க்கவில்லை, முழுசாகவே போனது. இரண்டும் முடிந்ததும் என்னைப் பார்த்தாள். மறுபடி வைத்தேன். அந்த அம்மாளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. உள்ளே போய்ப் புதிதாக வெந்ததை ஒரு பாத்திரத்தில் எடுத்து வந்து, என் பின்னாலேயே அவரும் வைக்க ஆரம்பித்தார். போதும் என்று கையை மறிக்கிற பிள்ளைக்குக் கூடுதலாக ஒன்று வைத்தார். அவரை நம்ம ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் தைரியமாக அனுப்பலாம். சாமுவேல் எத்தனை சாப்பிட்டார் என்பதை அவருடைய மரியாதை கருதி எழுதவில்லை.

போன் அடித்தது.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா மேடம்."

"எத்தனை?"

"எண்ணல மேடம்."

"நீ எண்ணலையா?"

இந்த முறை அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை என்று எனக்குத் தெரிந்தது. "சரி, அவளே பாடட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தாரணியிடம் சொன்னேன். அவள் பாத்திரத்தோடு வந்த அம்மாளிடம் தட்டை நீட்டினாள். ஷெரினையும் பார்த்தேன். அவள் தன் தட்டில் கடைசி வெங்காயத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். "நான் ரெண்டாவது குரல்லயே நல்லாப் பாடுவேன் மிஸ்" என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

பேருந்துக்குத் தெருவெல்லாம் ஓடினோம். நான் மேடைக்குப் பின்னால் நின்றேன். தாரணி ஓர் அடி முன்னால் வந்து நின்றாள். அந்த மண்டபம் பெரியது. அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு பிள்ளையின் குரல் மட்டும், பிடித்துக்கொள்ள வாத்தியமும் இல்லாமல், நான்கு வரி. ஓர் இடத்திலும் அசையவில்லை. ஐந்தாவது வரியில் ஷெரின் சேர்ந்தாள், பிறகு எல்லாரும். எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

தங்குமிடத்துக்குத் திரும்பும் பேருந்தில் தாரணியின் அப்பா வீடியோ காலில் வந்தார். ஆட்டோ ஸ்டாண்டு முழுக்க அவர் பின்னால் நின்றது. விசில் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எல்லாரையும் அடக்கினார். பாட்டைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நானும் எட்டிப் பார்த்தேன்.

"இன்னாமா, துன்னியா?" என்று கேட்டார்.

"நான் துன்னுட்டேன்ப்பா. எல்லாரும் துன்னுட்டோம்." தாரணி போனைக் கொஞ்சம் திருப்பி என் பக்கம் காட்டினாள். "மிஸ்தான் காலைலேர்ந்து இன்னும் துன்னல."

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பதினெட்டுப் பேரை எண்ணினேன், சாமுவேலைச் சேர்த்துப் பத்தொன்பது. அத்தனை சுற்று சுற்றியும் என் வாயில் ஒரு விள்ளல் படவில்லை, அதை வேறு யாரும் கவனிக்கவும் இல்லை. எனக்குப் பசியே இல்லப்பா என்று சிரித்துக்கொண்டே சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வரவில்லை. அவ்வளவு பசி.